வழியின் உரிமை: நடைபாதையில் மிதிவண்டிக்கு இடம் உண்டா?

விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், கும்பகோணம் வழியாகத் தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பண்ருட்டிக்கும் நெய்வேலி நகரியத்திற்கும் இடையே அமைந்த ஊர் காடாம்புலியூர். முந்திரியும் பலாவும் செழித்த செம்மண் பகுதி இது. மாலையில் பள்ளி விடும் நேரத்தில் இச்சாலையோரம் சற்றே நின்று நோக்கினால் ஒரு காட்சி நம் கண்ணில் படும். நடுச்சாலையில் பேருந்துகளும் சரக்குந்துகளும் ஒன்றையொன்று முந்தி விரைகின்றன. தார் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தில், அரசு வழங்கிய மிதிவண்டிகளில் மாணவ மாணவியர் வரிசையாகச் செல்கின்றனர். அதே ஓரத்தில் தலைச்சுமையுடன் ஒரு மூதாட்டி நடந்து வருகிறார். பின்னால் மணி ஒலிக்கிறது. மூதாட்டி திகைத்து ஒதுங்குகிறார். ஒதுங்குவதற்கோ அவருக்கு இடமில்லை.

இக்காட்சியில் மூவர் உளர்: நடப்பவர், மிதிப்பவர், எந்திர ஊர்தியில் விரைபவர். மூன்றாமவர் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய சிற்றிடத்திற்காக முதலிருவரும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்கின்றனர். நகரங்களில் ஓரக்கல் பதித்து உயர்த்திய நடைபாதையில் எழும் பூசலும் இதுவே. நடைபாதையில் மிதிவண்டி செல்ல இசைவு தரலாமா? தரலாமெனில் யாருக்கு, எவ்வளவு? இவ்வினாவை நடுநிலையோடு ஆராய்வதே நம் நோக்கம்.

பழந்தமிழர் கண்ட தெரு

வழி என்பதற்குத் தமிழில் எத்தனை சொற்கள்! ஆறு, நெறி, அதர், இயவு, மறுகு என அவை விரியும். 'ஆறு' என்னும் சொல் நீரோடும் வழியையும் மாந்தர் நடக்கும் வழியையும் ஒருங்கே குறித்தது. வறுமையுற்ற கலைஞனுக்கு வள்ளலிடம் செல்லும் வழிகாட்டுவது 'ஆற்றுப்படை' என்னும் தனி இலக்கிய வகையாயிற்று. 'நெறி' என்னும் சொல் வழியையும் ஒழுக்கத்தையும் ஒருசேரச் சுட்டுவது. நடக்கும் பாதையும் நடக்கும் முறையும் ஒரே சொல்லில் அடங்கியமை எண்ணி மகிழத்தக்கது.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியில் பாண்டியன் தலைநகரின் அகன்ற தெரு காட்டப்படுகிறது. அத்தெருவில் யானையும் தேரும் குதிரையும் வீரரும் விரைந்து வருகையில், பண்டங்களை ஏந்தித் திரியும் சிறு வணிகர் உயிருக்கு அஞ்சிப் பெருமூச்செறிந்து ஒதுங்கியிருந்து, அவை நீங்கிய பின்னரே தம் தொழிலைத் தொடர்வதாகப் புலவர் பாடுகிறார். ஆற்றைப் போல் அகன்ற தெருவிலும் எளியோர்க்கு அச்சமே எஞ்சியது. வலியது வரும்போது எளியது ஒதுங்கவேண்டும் என்னும் வழக்கம் அத்துணைப் பழமையானது. அவ்வழக்கத்தை மாற்றி, எளியோர்க்கென ஒதுக்கப்பட்ட ஒரே இடம்தான் நடைபாதை. அங்கும் ஒரு சக்கரம் ஏறலாமா என்பதே இன்றைய வினா.

இருநூறு ஆண்டு வழக்கு

இவ்வழக்கு புதியதன்று. செர்மனி நாட்டின் கார்ல் வான் டிரைசு என்பார் 1817ஆம் ஆண்டில், காலால் தரையை உந்திச் செல்லும் இருசக்கர ஊர்தியை உருவாக்கினார். மிதிவண்டியின் மூதாதை இதுவே. அக்காலச் சாலைகள் குதிரை வண்டிகளின் சக்கரங்களால் குழிந்து கிடந்தன. அவற்றில் இருசக்கரத்தில் நிலைநிற்றல் அரிது. ஆகவே ஓட்டியோர் சமதளமான நடைபாதையை நாடினர், நடப்போர் வெகுண்டனர், பல நகரங்களில் தடைகள் எழுந்தன. இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. மிதிப்பவர் நடைபாதையில் ஏறியமைக்குக் காரணம் அவருடைய செருக்கு மட்டுமன்று. சாலையின் சீர்கேடும் ஆகும். அன்று குழி துரத்தியது. இன்று வேகம் துரத்துகிறது.

இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், நடைபாதையில் வண்டி செலுத்துவதைக் குற்றமாக்கியது. 1888ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் மிதிவண்டியும் ஒரு வண்டியே என வரையறுத்தது. எனவே நடைபாதையில் மிதிவண்டி ஓட்டுவது அங்குக் குற்றமாயிற்று. எனினும், 1999இல் இக்குற்றத்திற்கு உடனடித் தண்டத்தொகை கொண்டுவரப்பட்டபோது, போக்குவரத்துக்கு அஞ்சி நடைபாதையில் ஏறி, நடப்போரை மதித்துச் செல்லும் பொறுப்புள்ளவர்களைக் கருதி இது கொண்டுவரப்படவில்லை என்று அந்நாட்டு உள்துறை விளக்கம் தந்தது. சட்டம் ஒன்று, அதனைச் செலுத்தும் பரிவு வேறொன்று என இரண்டும் அங்கே உடனிருத்தலைக் காண்கிறோம்.

நடப்பவரின் நியாயம்

நடைபாதையில் மிதிவண்டி கூடாது என்போரின் வாதத்தை முதலில் கேட்போம். மனிதர் இயல்பாக நடக்கும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மிதிவண்டியின் இயல்பான வேகம் 15 கிலோமீட்டர் எனக் கொள்ளலாம். நடப்பவர் ஒரு நொடியில் 1.4 மீட்டர் கடக்க, மிதிப்பவர் 4.2 மீட்டர் கடக்கிறார். வேகம் மும்மடங்காகும்போது இயக்க ஆற்றல் ஒன்பது மடங்காகும் என்பது இயற்பியல். இதனுடன் வண்டியின் எடையும் சேர்கிறது. இளைஞருக்குச் சிராய்ப்போடு போகும் மோதல், எழுபது வயது முதியவரின் இடுப்பெலும்பை முறித்துப் படுக்கையில் வீழ்த்திவிடும்.

மோதல் நேராதபோதும் இழப்பு உண்டு. அச்சமே ஓர் இழப்புத்தான். பின்னால் வருவது தெரியாத செவிப்புலன் குறைந்தோர், எதிரில் வருவது தெரியாத பார்வையற்றோர், குழந்தையின் கைபிடித்துச் செல்லும் தாய்மார், இருள் பிரியாத வைகறையில் தொழுகைக்குப் பள்ளிவாசல் நோக்கி நடக்கும் பெரியவர்கள் ஆகிய இவர்கள் யாவரும் நடைபாதையில் கவலையின்றிச் செல்ல முடியாதெனில், நாளடைவில் வீட்டிலேயே தங்கிவிடுவர். அவர்கள் வராததைக் கண்டு, பாதை அமைதியாக இருக்கிறது என்று நாம் கருதிவிடுவோம்.

இடத்தின் அளவும் இங்கே கருதத்தக்கது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் எனும் சாலைப் பொறியாளர் பேரவையின் நெறிமுறைப்படி, நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். இருவர் எதிரெதிரே தடையின்றிச் செல்வதற்கான அளவு அது. இருசக்கரத்தில் செல்பவர் நேர்கோட்டில் செல்வதில்லை. நிலைபெறுதற்காகச் சற்றே அசைந்து செல்வார். அவருக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் தேவை. எஞ்சுவது ஒரு மீட்டரினும் குறைவு. அதிலும் மின்மாற்றி, மரம், கடைப்பலகை, நிறுத்திய இருசக்கர ஊர்தி ஆகியன பங்கு கேட்கும் நம் ஊர்களில் எஞ்சுவதுதான் எவ்வளவு?

மிதிப்பவரின் நியாயம்

இனி மறுதரப்பையும் கேட்பதே நீதி. தமிழகத்தில் மிதிவண்டி ஏழையின் ஊர்தி, பெண்ணின் விடுதலை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தால் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். கல்லுடைப்போரும் வயலில் உழைப்போரும் அவர்களில் இருந்தனர். இசுலாமியப் பெண்களும் இருந்தனர். எழுத்தறிவோடு சக்கரமும் சேர்ந்தபோது, பேருந்துக்கும் ஆண்துணைக்கும் காத்திருக்கும் நிலை குறைந்தது.

தமிழக அரசு 2001-02ஆம் கல்வியாண்டில் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005-06இல் அத்திட்டம் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவ மாணவியர்க்கென விரிந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும் சிற்றூர்ப் பெண்ணுக்கு அவ்வண்டி மேல்நிலைப் பள்ளியின் கதவைத் திறந்தது. ஆயின், வண்டியைக் கொடுத்த நாம், அது ஓடுவதற்கான பாதையைக் கொடுத்தோமா? நெடுஞ்சாலையில் சரக்குந்தின் சக்கரத்துக்கு அருகே செல் என்று பதினாறு வயதுச் சிறுமியிடம் எந்தப் பெற்றோர் கூறுவர்? அவள் ஓரத்தில் ஏறினால் அது குற்றமா? உயிர்காக்கும் உணர்வன்றோ!

மிதிவண்டியைச் சாலையினின்றும் விலக்கிவிடுவதும் தீர்வாகாது. கொல்கத்தா நகரில் 2013ஆம் ஆண்டு 174 சாலைகளில் மிதிவண்டிக்குத் தடை விதிக்கப்பட்டது. பால் விற்போர், செய்தித்தாள் போடுவோர், சிறு வணிகர் ஆகியோரின் பிழைப்பே அதனால் தாக்குண்டது. கண்டனங்கள் எழுந்தபின் தடைப்பட்டியல் குறைக்கப்பட்டது. நடைபாதையிலும் கூடாது, சாலையிலும் கூடாது என்றால் எளியவன் எங்கே செல்வான்?

பிற நாடுகள் கண்ட வழி

இரு தரப்பிலும் நியாயம் இருப்பதால், பிற நாடுகள் இதனை எவ்வாறு தீர்த்தன என்று காண்பது பயன்தரும். சப்பான் நாட்டில் போக்குவரத்து நெருக்கடி மிகுந்து சாலை இறப்புகள் பெருகியதால், 1970இல் குறிக்கப்பட்ட நடைபாதைகளில் மிதிவண்டிக்கு இசைவு தந்தனர். பின்னர் 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 13 வயதுக்குட்பட்ட சிறாரும் 70 வயது நிறைந்த முதியோரும் நடைபாதையில் ஓட்டலாம் என்றும், ஓட்டுவோர் மெதுவாகச் சென்று நடப்போர்க்கே முன்னுரிமை தரவேண்டும் என்றும் தெளிவாக்கியது. செர்மனியில் எட்டு வயது நிரம்பாத குழந்தை நடைபாதையில்தான் ஓட்டவேண்டும். பத்து வயது வரை ஓட்டலாம். 2016இன் இறுதியில் வந்த திருத்தத்தின்படி, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் துணையாகப் பெரியவர் ஒருவரும் உடன் ஓட்டலாம்.

நம் மக்கள் பலர் பிழைப்புக்கும் வணிகத்துக்கும் சென்று வாழும் சிங்கப்பூரின் பட்டறிவு நமக்கு மிக நெருக்கமான பாடமாகும். அங்கு 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த சட்டம், நடைபாதையில் மிதிவண்டிக்கும் மின்னூர்திகள் சிலவற்றுக்கும் இடம் தந்தது. விபத்துகளும் முறையீடுகளும் எழவே, 2019 பிப்ரவரியில் நடைபாதை வேக வரம்பு மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டது. அதுவும் போதாமையால், அவ்வாண்டு நவம்பர் 5 முதல் மின்னாற்றலால் ஓடும் ஸ்கூட்டர்கள் நடைபாதையினின்றும் அறவே விலக்கப்பட்டன. மிதிவண்டித் தடம் அருகே உள்ள இடங்களில், நடப்போர்க்கு மட்டுமேயான பாதைகளும் 2025 சூலை முதல் குறிக்கப்படலாயின. ஒரு சக்கரத்துக்குக் கதவு திறந்தால், அதன் பின்னே எந்திரம் பூட்டிய சக்கரங்களும் நுழையும் என்பதே இது கற்பிக்கும் பாடம். நெரிசலில் நடைபாதை மீதேறி ஒலியெழுப்பிச் செல்லும் மோட்டார் சைக்கிள்களை அன்றாடம் காணும் நமக்கு இது சொல்லாமலே விளங்கும்.

நெதர்லாந்து வேறொரு வழியைத் தேர்ந்தது. 1971ஆம் ஆண்டு அந்நாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினர். அதன்பின் மிதிவண்டிக்கெனத் தனித்தடங்கள் நாடெங்கும் பெருகின. நடப்போருக்கும் மிதிப்போருக்கும் பங்கு பிரிப்பதைவிட, எந்திர ஊர்தியிடமிருந்து இடத்தைத் திரும்பப் பெறுவதே மெய்யான தீர்வு என அந்நாடு உணர்ந்தது.

நம் சட்டமும் நம் சாலையும்

நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளும், அவற்றுக்கு மாற்றாக 2017இல் வந்த ஒழுங்குமுறைகளும் நடைபாதையிலும் மிதிவண்டித் தடத்திலும் மோட்டார் ஊர்தி செல்வதைத் தடுக்கின்றன. மிதிவண்டியோ மோட்டார் ஊர்தியன்று. ஆதலின் அவ்விதிகள் அதனை நேரே தொடுவதில்லை. மோட்டார் ஊர்திச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த உட்பிரிவு, எந்திரமில்லா ஊர்திகளும் நடப்போரும் பொதுவிடங்களிலும் தேசிய நெடுஞ்சாலைகளிலும் இயங்கும் முறைக்கு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுக்கு வழங்குகிறது. தடையற்ற நடைபாதை அரசமைப்பின் 21ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் உரைத்தது. அவ்வாண்டு அக்டோபரில், மேற்கூறிய பிரிவின்கீழ் விதிகளை வகுக்குமாறு மாநிலங்களைப் பணித்தது. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்பதை எண்ணினால், இதன் இன்றியமையாமை புலனாகும்.

மிதிவண்டிக்குத் தனித்தடம் வேண்டும் என்பதும் மேலைநாட்டிலிருந்து வந்த புதுக்கருத்தன்று. மேற்கூறிய சாலைப் பொறியாளர் பேரவை 1962இலேயே இதற்கு நெறிமுறை வகுத்துள்ளது. ஒரு மணி நேரத்தில் 200க்கு மேற்பட்ட மோட்டார் ஊர்திகள் செல்லும் வழியில், மிதிவண்டிகள் 100 மட்டுமே சென்றாலும் தனித்தடம் அமைத்தல் தகும் என்பது அந்நெறிமுறை. பள்ளி நேரத்து நெடுஞ்சாலைக்கு இவ்வளவுகோலைப் பொருத்திப் பார்ப்பது நம் ஊர்ப் பெரியோர்க்கு அரிய செயலன்று. ஒரு மணி நேரம் நின்று எண்ணினாலே போதும். காடாம்புலியூரைத் தொட்டுச் செல்லும் சாலை, விக்கிரவாண்டி முதல் தஞ்சை வரை நான்கு வழியாக விரிவாக்கும் திட்டத்துக்கு உட்பட்டது. சாலை அகலும்போது வேகம் கூடும். கடப்பதற்குரிய தொலைவும் கூடும். ஊரை ஒட்டிய பகுதியில் நடப்போர்க்கும் மிதிப்போர்க்கும் வேறு வேறு இடம் ஒதுக்குமாறு கேட்பது சலுகை வேண்டுதலன்று, உரிமை கோருதலாகும். சாலை வடிவமைப்பில் வரையறுத்த தரத்தைக் கைவிட்டு, அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்புடைய அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஓரிலக்கம் உரூபாய் வரை தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிப்பதும் கருதத்தக்கது.

மணியும் சலாமும்

இத்தகைய வழக்குகளில் இசுலாம் காட்டும் நெறி எண்ணத்தக்கது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுதல் இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். பாதையோரத்தில் அமர்வோர் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடவேண்டும் என்றும், பிறர்க்குத் தொல்லை தாராதிருத்தல் அவ்வுரிமைகளுள் ஒன்று என்றும் விளக்கினார்கள். பாதைக்கே உரிமையுண்டு என்னும் இக்கருத்து எத்துணை நுட்பமானது!

மற்றொரு நபிமொழி நம் வினாவுக்கு நேர்விடையாகவே அமைகிறது. ஊர்தியில் செல்பவர் நடப்பவருக்கு முதலில் சலாம் கூறவேண்டும் என்பது அது. உயரத்தில் இருப்பவனுக்குச் செருக்கு வாராதிருத்தற்காகவே இம்முறை என உரையாசிரியர் விளக்குவர். உலக வழக்கில் எளியவன்தான் வலியவனுக்கு வணக்கம் கூறுவான். இங்கோ ஏறிச் செல்பவன் இறங்கி நடப்பவனுக்கு அமைதியை வாழ்த்தாகக் கூறவேண்டியவனாகிறான். மிதிவண்டியின் மணி, 'விலகு' என்று கட்டளையிடுகிறது. சலாமோ, 'என்னால் உமக்குத் தீங்கில்லை' என்று உறுதியளிக்கிறது. நடைபாதையில் செல்லும் மிதிவண்டிக்கு வேண்டியது மணியின் மனப்பான்மையன்று, சலாமின் மனப்பான்மையே.

முடிவுரை

ஆக, நாம் காணும் முடிபு இது. நடைபாதை நடப்பவரின் உரிமை. அதில் மிதிவண்டி விருந்தினன். விருந்தினனுக்கு இடம் உண்டு. உரிமையாளனை வெளியேற்றும் உரிமை இல்லை. எனவே பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர் சிறுமியரும், சாலையில் செல்ல இயலா முதியோரும், போதிய அகலமுள்ள, அறிவிப்புப் பலகையால் குறிக்கப்பட்ட நடைபாதைகளில், நடைவேகத்தில் செல்ல இசைவளிக்கலாம். பேருந்து நிறுத்தம், பள்ளி வாயில், சந்தை, வழிபாட்டிடம் ஆகியவற்றின் முன்னர் எவராயினும் இறங்கி உருட்டிச் செல்லவேண்டும். வண்டியை உருட்டுபவர் நடப்பவரே. மேல்நிலை வகுப்பு மாணவர்க்கும் பணிக்குச் செல்வோர்க்கும் உரிய இடம் நடைபாதையன்று; அவர்க்குத் தனித்தடம் அமைத்தல் வேண்டும். அது இயலாத உட்சாலைகளில் ஊர்திகளின் வேகத்தை மட்டுப்படுத்தல் வேண்டும். எந்திரம் பூட்டிய எந்தச் சக்கரத்துக்கும் நடைபாதையில் இடம் கூடாது.

சட்டம் வரும்வரை காத்திராமல் மாணவச் செல்வங்கள் இன்றே செய்யத்தக்க செயல் ஒன்றுண்டு. சாலையோரத்தில் முன்னே ஒரு முதியவர் நடந்து செல்லக் கண்டால், மணியடிக்கும் முன் வேகத்தைத் தணியுங்கள். இடமில்லையேல் காலூன்றி நில்லுங்கள். கடக்கும்போது ஒரு சலாமோ வணக்கமோ கூறிச் செல்லுங்கள். தலைச்சுமையுடன் வரும் அம்மூதாட்டி அப்போது திகைத்து ஒதுங்கமாட்டார். திரும்பி நோக்கி, 'நல்லா இரு' என வாழ்த்துவார். ஊர்ப்பெரியோரும் ஆசிரியரும், அவ்வாழ்த்தைப் பெற்ற பிள்ளைகள் நெடுஞ்சாலையில் உயிர் அஞ்சாது வீடு சேர்வதற்கான பாதையைக் கேட்டுப் பெற்றுத் தருவார்களாக!